கான்சஸ் சிட்டியில் சாட்சல் பேஜைத் தேடி

கான்சஸ் சிட்டி கான்சஸ் மாநிலத்தில் இல்லை. அந்தப் பெயரில் அங்கேயும் ஒரு சிறு நகரம் உண்டு. ஆனால் உயர்ந்த கட்டடங்களும் ஜாஸ் இசையும் புகையில் வாட்டிய இறைச்சியும் சேர்ந்து உலகுக்குத் தெரிந்த கான்சஸ் சிட்டி, பக்கத்து மாநிலமான மிசூரியில் இருக்கிறது. நடுவில் ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாதாரணத் தெரு. தெருவின் இந்தப் பக்கம் ஒரு மாநிலம், எதிர்ப்பக்கம் இன்னொரு மாநிலம். காவல் சாவடியும் இல்லை, கடப்பிதழும் தேவையில்லை. ஜொகூர் பாலத்தில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று பழகிய எனக்கு அந்தத் தெருவைச் சும்மா நான்கு முறை குறுக்கே கடந்து பார்க்க ஆசையாக இருந்தது. கடந்தும் பார்த்தேன்.

என் அக்கா குடும்பம் கான்சஸ் பக்கத்தில், ஓவர்லண்ட் பார்க் என்ற புறநகரில் குடியிருக்கிறது. சீனப் புத்தாண்டு விடுமுறையோடு பத்து நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு பிப்ரவரியில் போயிருந்தேன். குளிர் எலும்பைத் தொட்டது. ஷாப்பிங், சினிமா, அக்கா கையால் சாப்பாடு என்றுதான் திட்டம். அதை மாற்றியவன் பத்து வயது அக்கா மகன்.

பிப்ரவரி அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு கறுப்பினச் சாதனையாளரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். பேஸ்பால் பைத்தியமான இவனுக்குக் கிடைத்த பெயர் சாட்சல் பேஜ். பெரிய பந்து வீச்சாளராம். ஆனால் வீட்டில் இருந்த பழைய பேஸ்பால் புத்தகத்தைப் புரட்டிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

“சித்தி, இவரு 28 மேட்ச்தான் ஜெயிச்சிருக்காரு. 31 தோத்திருக்காரு. இவரைப் போய் எப்படிப் பெரிய ஆளுன்னு எழுதறது?”

நியாயமான கேள்வி. வானொலியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பேட்டி எடுத்துப் பிழைக்கும் எனக்கே அது நல்ல கேள்வியாகத் தெரிந்தது. “ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்துடலாம், இந்த ஊர்லதான் அவர் வாழ்ந்தாரு,” என்றார் அத்தான். அப்படித்தான் ஆரம்பித்தது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. இதில் பந்து வீசுபவரைப் பிட்சர் என்பார்கள். மட்டை பிடித்தவரிடமிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில், நம் கணக்கில் 18.4 மீட்டரில், ஒரு சிறு மேட்டில் நின்று பந்தைத் தரையில் படாமல் எறிவார். அடிக்கத்தக்க பந்துகளில் மூன்றைத் தவறவிட்டால் மட்டைக்காரர் வெளியே. கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும்பித் திரும்பும். இங்கே எல்லா மாயமும் காற்றிலேயே நடக்க வேண்டும். நல்ல பிட்சர் இருந்தால் பாதி ஆட்டம் கையில்.

நாங்கள் போன இடம் பதினெட்டாவது தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் முனை. ஒரு காலத்தில் இந்த ஊரின் கறுப்பின மக்களுக்கு இதுதான் கடைத்தெரு, இசையரங்கு, சந்திப்பிடம் எல்லாம். சார்லி பார்க்கர் வளர்ந்த ஊர் இது. இன்று அந்த வட்டாரம் அமைதியாகக் கிடக்கிறது. ஜெம் தியேட்டரின் விளக்குப் பலகை இருக்கிறது, நடமாட்டம் குறைவு. ஒரே கட்டடத்தில் இரண்டு அருங்காட்சியகங்கள்: ஒரு பக்கம் அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகம், மறு பக்கம் நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் அருங்காட்சியகம். பார்க்கர் வாசித்த பிளாஸ்டிக் சாக்சபோன் ஜாஸ் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

‘நீக்ரோ’ என்ற சொல்லை இன்று யாரும் மரியாதையாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அந்த லீக்கின் பெயரே அதுதான். 1880களிலிருந்தே வெள்ளையர் நடத்திய தொழில்முறைப் பேஸ்பால் கறுப்பின வீரர்களை உள்ளே விடவில்லை. எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. முதலாளிகளுக்குள் ஒரு வாய்மொழி ஒப்பந்தம், அவ்வளவுதான். அது அறுபது ஆண்டு தாங்கியது. அதனால் கறுப்பின வீரர்கள் தங்களுக்கென்று அணிகளை அமைத்துக்கொண்டார்கள். 1920 பிப்ரவரி 13ஆம் தேதி, ரூப் ஃபாஸ்டர் என்ற ஆட்டக்காரரின் தலைமையில் அணி முதலாளிகள் கூடி நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கட்டடம், அருங்காட்சியகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, 2018இல் யாரோ உள்ளே புகுந்து தண்ணீர்க் குழாயை அறுத்துவிட, கட்டடம் முழுக்க வெள்ளம். இப்படியும் மனிதர்கள்.

அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் ஒரு கம்பி வலை. கோழிக்கூண்டுக்கு அடிப்பார்களே, அந்த மாதிரி வலை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி பேஸ்பால் திடல். திடலில் பத்து வீரர்களின் வெண்கலச் சிலைகள், அவரவர் ஆடிய இடத்தில். நடு மேட்டில் ஒல்லியாக, நெடுநெடுவென்று ஒருவர்: சாட்சல் பேஜ். எதிரே குந்தியிருக்கும் கேட்சர், ஜாஷ் கிப்சன். அக்கா மகன் வழி தேடி ஓடினான். வழி இல்லை. சுற்றிச் சுற்றி வந்து, கதை முழுவதையும் பார்த்து முடித்த பிறகுதான் அந்தத் திடலுக்குள் கால் வைக்க முடியும். அதுவரை வலைக்கு வெளியே நின்று பார்க்கத்தான் வேண்டும். ஏன் அப்படி அமைத்தார்கள் என்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. “உள்ள விட மாட்டாங்களா?” என்று அவனே கேட்டுவிட்டு, வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றான்.

லீராய் ராபர்ட் பேஜ், அலபாமா மாநிலத்தின் மொபீல் என்ற துறைமுக நகரில் 1906 ஜூலை 7ஆம் தேதி பிறந்தார். ஏழைக் குடும்பம், நிறையப் பிள்ளைகள். சின்ன வயதில் ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டி தூக்கிக் காசு சம்பாதித்தார். ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்பதால், கம்பில் கயிறு கட்டி ஒரே நடையில் பல பெட்டிகளைத் தொங்கவிட்டுத் தூக்கினாராம். மற்ற பையன்கள், நடமாடும் பெட்டி மரம் மாதிரி இருக்கிறாய் என்று கிண்டல் செய்ய, கைப்பெட்டியைக் குறிக்கும் ‘சாட்சல்’ பெயராகிவிட்டது. கூட வளர்ந்த ஒருவர் சொன்ன கதை வேறு: ஒரு பெட்டியைத் திருடி மாட்டிக்கொண்டதால் வந்த பெயராம். எது உண்மையோ, வாழ்நாள் முழுக்கப் பெட்டியும் கையுமாக அலைந்தவருக்குப் பெயர் பொருத்தமாகத்தான் அமைந்தது.

பன்னிரண்டு வயதில் கடையில் சின்னப் பொருள்களைத் திருடியதற்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஐந்தாண்டுக்கு மேல் அங்கே. பந்து வீசக் கற்றதும் அங்கேதான். வெளியே வந்து, 1926இல் சட்டனூகா நகரத்து அணியில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார். அதன்பின் பர்மிங்காம், பால்டிமோர், கிளீவ்லண்ட், பிட்ஸ்பர்க். அவரே சொன்ன கணக்கில், வாழ்நாளில் 250 அணிகளுக்கு ஆடியிருக்கிறார். அவர் சொன்ன கணக்குகளை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று ஆய்வாளர்கள் சிரித்துக்கொண்டே எச்சரிப்பார்கள். பாதியாகக் குறைத்தாலும் தலை சுற்றும் பயணம்தான்.

கான்ட்ராக்ட் எல்லாம் அவருக்கு ஒரு காகிதம். அதிகம் தருகிறேன் என்று ஒருவர் கூப்பிட்டால் நள்ளிரவில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சக வீரர்கள் பேருந்துக்காகக் காத்திருப்பார்கள். இவர் வேறு மாநிலத்தில் வேறு சட்டையில் பந்து வீசிக்கொண்டிருப்பார். நம்பிக்கையில்லாத மனிதர் என்று முதலாளிகள் திட்டினார்கள். எனக்கென்னவோ அந்தக் கோபம் முழுவதும் நியாயமாகப் படவில்லை. நாட்டின் மிகப் பெரிய மேடை நிறத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தியிருக்கும்போது, திறந்திருக்கும் சின்னச் சின்னக் கதவுகளில் எங்கே கூலி அதிகமோ அங்கே போவதை யார் குறை சொல்வது?

அப்படித்தான் 1933இலும் 1935இலும் வடக்கு டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க்குக்குப் போனார். பனி கொட்டும் சிற்றூர். நீல் சர்ச்சில் என்ற கார் வியாபாரி அங்கே ஓர் அணி வைத்திருந்தார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடிய அணி. ஜாக்கி ராபின்சனுக்கு 12 ஆண்டு முன்னால்! 1935இல் விச்சிட்டா நகரில் நடந்த தேசியப் போட்டியில் இந்த அணிதான் வாகை சூடியது. பேஜ் வீசிய ஆட்டங்களில் 60 பேரை அவுட்டாக்கினார். திடலில் கைதட்டிய அதே ஊரில் அவருக்கும் மனைவிக்கும் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. பழைய ரயில் பெட்டி ஒன்றில்தான் குடியிருந்தார்கள் என்று அந்த அணியின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1937 கதை சினிமாவுக்கே ஆகும். டொமினிக்கன் குடியரசை அப்போது ஆண்டவர் ரஃபாயெல் துருஹியோ என்ற சர்வாதிகாரி. தலைநகரின் பெயரையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். அந்தப் பெயரைச் சுமந்த அணி தோற்கலாமா? அவருடைய ஆட்கள் அமெரிக்காவுக்கு வந்து பேஜைப் பிடித்தார்கள். அவருக்கும் அவர் கூட்டி வரும் எட்டுப் பேருக்குமாக 30,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. கடும் பொருளாதார மந்தக் காலத்தில் அது கனவுத் தொகை. ஜாஷ் கிப்சனும் போனார், மின்னல் வேக ஓட்டக்காரர் கூல் பாப்பா பெல்லும் போனார். ஆட்டத்தின்போது திடலைச் சுற்றித் துப்பாக்கியோடு ராணுவ வீரர்கள் நின்றதாகவும், தோற்றால் உயிரோடு ஊர் திரும்ப முடியாது என்று பயந்துகொண்டே ஆடியதாகவும் பேஜ் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஜெயித்துவிட்டார்கள். சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் அதே துருஹியோவின் ராணுவம் எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டி மக்களைக் கொன்று குவித்தது. அருங்காட்சியகத்தில் அந்த அணியின் படத்துக்கு முன்னால் நின்றபோது என்னால் முழுமனதோடு அந்த வேடிக்கைக் கதையை ரசிக்க முடியவில்லை.

கியூபா, போர்ட்டோ ரிக்கோ என்று குளிர்காலமெல்லாம் வெயில் நாடுகளில் ஆட்டம். ஓய்வே இல்லை. 1938இல் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தபோது வலது தோள் மக்கர் செய்தது. கையைத் தூக்கவே முடியவில்லை. இனிமேல் பந்து வீச முடியாது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். வயது 32. கூப்பிடக் கூப்பிட ஓடி ஒளிந்த ஆளை இப்போது கூப்பிட ஒருவரும் இல்லை.

கான்சஸ் சிட்டி இவர் கதைக்குள் வருவது இங்கேதான். இந்த ஊரின் மொனார்க்ஸ் அணியை நடத்தியவர் ஜே. எல். வில்கின்சன் என்ற வெள்ளைக்காரர். வித்தியாசமான மனிதர். 1930லேயே லாரிகளில் விளக்குக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவு ஆட்டம் நடத்தியவர். பெரிய லீக்குக்கு அந்த யோசனை வர இன்னும் ஐந்தாண்டு ஆயிற்று. அவர் பேஜைத் தன் இரண்டாம் நிலை அணியில் சேர்த்துக்கொண்டார். சிற்றூர்களில் பேஜின் பெயருக்காக டிக்கெட் விற்கும். அவர் முதல் பேஸில் நிற்பார், முடிந்தால் ஓரிரு இன்னிங்ஸ் மெதுவாக எறிவார். ஒரு வகையில் இரக்கத்தில் கொடுத்த வேலை. வலியைப் பொறுத்துக்கொண்டு சம்பளத்துக்காக ஆடினார் பேஜ். 1939இல் ஒருநாள் கை சரியாகிவிட்டது. மருந்தா, தைலமா, ஓய்வா என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

திரும்பி வந்த பேஜ் வேறு பிட்சர். முன்பு வேகம் ஒன்றே போதும் என்றிருந்தவர், இப்போது தந்திரமும் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு பந்துக்கும் பெயர் வைத்தார். அதில் தயக்கப் பந்து என்று ஒன்று. இடது காலைத் தரையில் ஊன்றிவிடுவார், பந்து கையிலேயே இருக்கும். ஒரு கணம் அப்படியே நிறுத்தி, பிறகு எறிவார். மட்டைக்காரர் அதற்குள் மட்டையைச் சுழற்றி முடித்திருப்பார். அங்கே ஒரு திரையில் அந்த வீச்சு மறுபடி மறுபடி ஓடியது. நான் அதையே நாலைந்து தடவை பார்த்தேன். மைக் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவர்களுக்கு அது புரியும். வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்றால் கட்டுப்பாட்டு அறையில் எல்லாருக்கும் வியர்க்கும். ஆனால் சரியான இடத்தில் ஒரு விநாடி நிறுத்தத் தெரிந்தால், காரோட்டும் நேயர் சத்தத்தைக் கூட்டுவார். அந்த மனிதர் அதைப் பந்தில் செய்திருக்கிறார்.

1942இல் மொனார்க்ஸும் ஹோம்ஸ்டெட் கிரேஸும் மோதிய நீக்ரோ உலகத் தொடர். எதிரணியில் பழைய நண்பர் ஜாஷ் கிப்சன், அந்தக் காலத்தின் மாபெரும் அடிக்காரர். மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது கிப்சன் மட்டையோடு வருகிறார். பேஜ் இதற்காகவே முந்தைய மட்டைக்காரர்களை வேண்டுமென்றே நடக்கவிட்டு, இந்த மோதலை வரவழைத்தார் என்பது, அன்று முதல் பேஸில் நின்ற பக் ஓ’நீல் ஆயுள் முழுக்கச் சொன்ன கதை. அன்றைய செய்தித்தாள்களில் இவ்வளவு நாடகம் இல்லை. ஆனால் மூன்றே பந்தில் கிப்சன் அவுட் என்பது உண்மை. மொனார்க்ஸ் தொடரையும் வென்றது.

பக் ஓ’நீலைப் பற்றிச் சொல்லாமல் இந்த அருங்காட்சியகத்தை விட்டு வர முடியாது. இதை உருவாக்கப் பாடுபட்டவர், 2006இல் மறைந்தார். பேஜ் அவரை எப்போதும் ‘நான்சி’ என்றே கூப்பிடுவார். காரணம் இது: பேஜ் ஓர் ஊரில் பழகிய நான்சி என்ற பெண்ணைச் சிகாகோ ஹோட்டலுக்கு வரச் சொல்லியிருந்தார். அதே நாள் அவர் மணக்கவிருந்த லஹோமாவும் அங்கே வந்துவிட்டார். நடு இரவில் பேஜ் நைசாக எழுந்து போய் நான்சியின் கதவைத் தட்டி ரகசியமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, பின்னால் லஹோமா கதவு திறக்கும் சத்தம். பக்கத்து அறையில் இருந்த பக் சட்டென்று வெளியே வந்து, ‘என்ன சாட்சல், கூப்பிட்டியா?’ என்றாராம். அன்று முதல் அவர்தான் நான்சி. இந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தபோது அத்தான் மகனை அவசரமாக அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

1945இல் மொனார்க்ஸ் அணியில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் ஜாக்கி ராபின்சன். அதே ஆண்டு இறுதியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. 1947 ஏப்ரல் 15ஆம் தேதி அவர் திடலில் இறங்கியபோது அறுபது ஆண்டுத் தடை உடைந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், ஜாஷ் கிப்சன் 35 வயதில் இறந்துவிட்டிருந்தார்.

பேஜ் வெளியில் ராபின்சனைப் பாராட்டினார். ஆனால் முதல் ஆளாகத் தன்னைக் கூப்பிடவில்லையே என்ற வலியைத் தன் சுயசரிதையில் மறைக்கவில்லை. இருபது ஆண்டுகளாகக் கூட்டத்தைத் திரட்டிக் காட்டியவர். வெள்ளையர் நட்சத்திரங்களோடு காட்சி ஆட்டங்களில் மோதி, டிசி டீனும் ஜோ டிமாஜியோவும் வாய்விட்டுப் புகழ்ந்த ஆள். படித்த, ராணுவத்தில் அதிகாரியாக இருந்த, இளைய ராபின்சனை முதலில் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்திருக்கலாம். இருந்தாலும் வலிக்கத்தானே செய்யும்.

1948 ஜூலை 7ஆம் தேதி, சரியாக 42ஆவது பிறந்தநாளில், கிளீவ்லண்ட் இண்டியன்ஸ் உரிமையாளர் பில் வீக் அவரை ஒப்பந்தம் செய்தார். வயதைப் பற்றிப் பேஜ் எப்போதும் மழுப்புவார். பிறந்த தேதி எழுதியிருந்த பைபிளை ஆடு தின்றுவிட்டது என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் காரணம். இது வெறும் விளம்பரத் தந்திரம், வெள்ளையராக இருந்தால் இந்த வயதில் எடுத்திருப்பார்களா என்று ஒரு முன்னணி விளையாட்டுப் பத்திரிகை எழுதியது. பேஜ் அந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, ஒரே தோல்வி. ஆகஸ்டில் கிளீவ்லண்டில் அவர் வீசுவதைப் பார்க்க ஓர் இரவு 78,382 பேர் வந்தார்கள். அணி உலகத் தொடரையும் வென்றது. அந்தத் தொடரில் பந்து வீசிய முதல் கறுப்பினத்தவரும் அவர்தான், ஓர் இன்னிங்ஸுக்கும் குறைவாக என்றாலும். தயக்கப் பந்தை மட்டும் விதிக்கு மாறானது என்று லீக் தலைவர் தடை செய்துவிட்டார்.

மதியம் ஆர்தர் பிரையண்ட்ஸ் என்ற பழைய பார்பிக்யூ கடையில் சாப்பிட்டோம். மாட்டிறைச்சிக்குப் பெயர் போன கடை. நாங்கள் வான்கோழியோடு நிறுத்திக்கொண்டோம். கடைக்கு அருகே, அதே புரூக்ளின் அவென்யூவில் இருபத்திரண்டாவது தெரு முனையில், முனிசிபல் ஸ்டேடியம் இருந்தது. 1976இல் இடித்துவிட்டார்கள். இன்று வீடுகளும், நினைவுக்கு ஒரு சிறு சதுக்கமும் மட்டுமே. 1965 செப்டம்பர் 25ஆம் தேதி இங்கேதான் அது நடந்தது. கான்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் அணி 59 வயதுப் பேஜைப் பாஸ்டன் அணிக்கு எதிராக இறக்கியது. டிக்கெட் விற்க உரிமையாளர் செய்த வேடிக்கைதான். மைதான ஓரத்தில் ஆடும் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தியிருந்தார்கள். கூட்டம் 9,289. சிரிக்க வந்தவர்கள் முன்னால் அந்தக் கிழவர் மூன்று இன்னிங்ஸ் வீசினார். ஓட்டம் பூஜ்யம். பாஸ்டனில் ஒரே ஒருவருக்குத்தான் அவரை அடிக்க முடிந்தது: கார்ல் யஸ்திரெம்ஸ்கி. பின்னாளில் அவரும் பெரிய நட்சத்திரம்.

நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பெண்மணி நாயைக் கூட்டிக்கொண்டு போனார். வேறு யாரும் இல்லை.

இதற்குப் பிறகான கதை எனக்குக் கொஞ்சம் கோபம் தந்தது. பெரிய லீக் ஓய்வூதியம் பெற அவருக்கு 158 நாள் பணிக்காலம் குறைந்தது. நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு! 1968இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி பயிற்சியாளர் வேலை கொடுத்து அந்த நாள்களை நிரப்பியது. 1971இல் புகழ் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் முதலில் அறிவித்தது என்ன தெரியுமா? நீக்ரோ லீக் வீரர்களுக்குத் தனிப் பகுதி. உணவகத்திலும் பேருந்திலும் தனி இடம் என்றவர்கள் புகழிலும் தனி இடம் என்றார்கள். கண்டனம் எழுந்த பிறகே மற்றவர்களோடு சமமாகச் சேர்த்தார்கள்.

அக்கா மகன் கேள்விக்கு வருகிறேன். 28 வெற்றி, 31 தோல்வி என்பது 42 வயதுக்குப் பிறகு பெரிய லீக்கில் அவர் ஆடிய ஆட்டங்களின் கணக்கு. 2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்கே என்று ஏற்றுக்கொண்டார்கள். 2024 மே மாதம் புள்ளிவிவரங்களைச் சேர்த்தபோது பேஜின் வெற்றிகள் நூறைத் தாண்டின. ஜாஷ் கிப்சன் 372 புள்ளி சராசரியோடு வாழ்நாள் பேட்டிங்கில் முதலிடத்துக்கு வந்தார், இறந்து 77 ஆண்டு கழித்து. ஆனால் பிஸ்மார்க் இன்றும் கணக்கில் இல்லை. துருஹியோவின் அணி, போர்ட்டோ ரிக்கோ, லாரி விளக்கடியில் சிற்றூர் மைதானங்களில் வீசிய நூற்றுக்கணக்கான இரவுகள், எதுவும் இல்லை. பேஜ் தன் நோட்டுப் புத்தகக் கணக்கில் 2,000 வெற்றி என்பார்.

“அப்ப எந்த நம்பரை எழுதறது?” என்றான்.

“நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டேன்.

“டீச்சர் ஒரே ஒரு கட்டம்தான் போட்டுருக்காங்க, சித்தி.”

திரும்பும் வழியில் கிழக்கு இருபத்தெட்டாவது தெருவில் அவர் வீட்டைப் பார்த்தோம். 1950இல் வாங்கிய வீடு. கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த வட்டாரம் அது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே நிலைமை மாறியது. ஊர் ஊராகச் சுற்றியவர் லஹோமாவோடும் பிள்ளைகளோடும் கடைசிவரை இங்கே நிலைத்தார். 2018இல் வீடு தீப்பிடித்துச் சேதமடைந்துவிட்டது. மீட்டெடுக்க முயற்சிகள் நடக்கின்றன. 1982 ஜூன் 5ஆம் தேதி, தன் பெயர் சூட்டப்பட்ட ஊர் மைதானத்தின் விழாவுக்குச் சக்கர நாற்காலியில் போனார். மூன்றாம் நாள் இறந்தார்.

ஃபாரஸ்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கும் லஹோமாவுக்குமாகத் தனித் திட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். கல்லின் அடியில் யார் யாரோ வைத்துவிட்டுப் போன பேஸ்பால்கள், பாதி பனிக்குள். ஒன்று புத்தம் புதிது. ஒன்று தையல் பிரிந்து நூல் தொங்கியது. அக்கா மகன் குனிந்து எண்ணினான், எதையும் தொடவில்லை. கல்லில், இளமையாக இருக்கப் பேஜ் சொன்ன ஆறு யோசனைகளைச் செதுக்கியிருந்தார்கள். அத்தான் ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு வாசித்தார். முதல் யோசனை, எண்ணெயில் பொரித்த இறைச்சியைத் தவிர்க்கச் சொல்கிறது. வாசித்துவிட்டுத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.

“உங்க அக்கா இன்னிக்கு ராத்திரிக்கு என்ன சமையல்னு சொன்னா?”

“கோழி பொரிக்கிறாங்களாம், அத்தான்.”

“சரி, ரெண்டாவதுக்குப் போவோம்,” என்றார்.